எழுதக் கற்குமுன் எழுதியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

படித்தவர்கள் எழுத்தாளர் ஆவது உலக இயல்பு. ஆனால் பள்ளிக்கூடத்தின் வாசற்படியையே மிதிக்காத ஒரு பெண், வாயால் ஒரு நாடகத்தைச் சொல்லி, அது நூலாக அச்சேறிய பிறகு எழுத்தைக் கற்றுக்கொண்டு, அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மாத இதழை நடத்தி, 115 நாவல்களையும் எழுதி முடித்தார் என்றால் நம்புவீர்களா? முதலில் நானும் நம்பவில்லை.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில், நாவல் இலக்கியத்தின் வளர்ச்சி என்னும் பாடத்தில், அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போயிற்று. வை. மு. கோதைநாயகி அம்மாள். பிறந்த ஊர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நீர்வளூர் என்று பேராசிரியர் சொன்னபோது, கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மாவட்டத்து மண்ணில் பிறந்தவரா என்னும் வியப்பே இந்தக் கட்டுரைக்கு வித்து. ஒப்படைப்புக்காகத் தேடத் தொடங்கியவள், ஒப்படைப்பை முடித்துக் கொடுத்த பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதைக் கடைசியில் சொல்கின்றேன்.

நீர்வளூர்ச் சிறுமி

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கின்ற நீர்வளூரில், 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஒரு வைணவக் குடும்பத்தில் கோதைநாயகி பிறந்தார். தவழும் பருவத்திலேயே தாயை இழந்தார். உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் வை. மு. பார்த்தசாரதியும் சிறுவரே. வைத்தமாநிதி முடும்பை என்னும் அந்தக் குடும்பப் பெயரின் முதலெழுத்துக்கள்தாம், பின்னாளில் நாடறிந்த வை. மு. ஆயின.

பெண்ணுக்குப் பதினான்கு வயது நிறையுமுன் மணம் செய்விப்பது குற்றம் என்று கூறும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறிற்று. 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கோதைநாயகி சட்டத்துக்கு முந்திப் பிறந்தவர். பள்ளி இல்லை, பலகை இல்லை, ஆசிரியர் இல்லை. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அந்த இருவரில் ஒருவராக அவர் அப்போது இல்லை.

ஆனால் அவரிடம் வேறொரு செல்வம் இருந்தது. கதை சொல்லும் நாவு இருந்தது. திருவல்லிக்கேணியில் புகுந்த வீட்டின் அருகே இருந்த குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வாராம். சொன்ன கதையைத் திரும்பச் சொல்லாமல், புதிது புதிதாகப் புனைந்து சொல்வாராம். மனைவியின் ஆற்றலைக் கண்ட கணவர் அதை அடக்கவில்லை. நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்த்த நாடகங்கள் அவர் மனத்தில் விதையாக விழுந்தன.

சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

ஒரு நாடகத்தைத் தாமே படைக்க வேண்டும் என்னும் ஆசை எழுந்தது. படைக்கத் தெரியும், எழுதத் தெரியாது. என்ன செய்வது? தோழி பட்டம்மாள் கைகொடுத்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். இப்படி உருவான இந்திர மோகனா என்னும் நாடகம் 1924இல் நூலாக வெளிவந்தது. தம் பெயர் அச்சில் வந்த பிறகே, தம் கையால் தாமே எழுதும் அளவுக்கு அவர் தமிழைக் கற்றுத் தேர்ந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்த நூல் யாருடையது? எழுதிய கை பட்டம்மாளுடையது. எழுந்த கற்பனை கோதைநாயகியுடையது. நூலின் மீது கோதைநாயகியின் பெயர் இருப்பதுதான் நீதி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். கதையைச் சொன்னவருக்கே கதை உரியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் இதற்கும் ஒரு கணக்கு இருக்கின்றது.

ஜகன்மோகினி

1925இல், நின்று போயிருந்த ஜகன்மோகினி என்னும் மாத இதழை வாங்கிக் கோதைநாயகி அதன் ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. நம்மிலும் மூன்று நான்கு ஆண்டுகளே மூத்தவர்! வைதேகி என்னும் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். அடுத்த மாதத்து இதழுக்காக வீட்டுப் பெண்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார்கள். எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வீடுகளும் இருந்தன. கேட்டுக் கேட்டே எழுத்தாளர் ஆனவரின் கதைகள், கேட்பவர்களையும் சென்றடைந்தன.

அன்று தமிழ் நாவல் உலகில் கொடிகட்டிப் பறந்தவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். மேனகா, கும்பகோணம் வக்கீல் முதலிய துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தவர். மனோரஞ்சினி என்னும் இதழை நடத்தியவர். எழுத்துலகுக்குப் புதியவரான கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் அவர் துணை நின்றார். ஆனால் அந்த நட்பு நீடிக்கவில்லை. மனக்கசப்பு வந்தது. அவருடைய எழுத்தில் வடுவூராரின் கை இருக்கின்றது என்னும் பேச்சும் எழுந்தது.

பள்ளி செல்லாத பெண் எப்படி நாவல் எழுதுவாள்? பின்னால் ஓர் ஆண் நிற்கத்தான் வேண்டும். இதுதான் ஊர் போட்ட கணக்கு. இதற்குக் கோதைநாயகி சொன்ன விடை என்ன? எழுதினார். மேலும் எழுதினார். பத்து எழுதினார், ஐம்பது எழுதினார், நூறு எழுதினார். எல்லாவற்றையும் இன்னொருவர் எழுதிக் கொடுத்தார் என்று சொல்லும் வாய் தானே அடைத்துப் போயிற்று. 1937இல் திருவல்லிக்கேணியில் சொந்த அச்சகமும் கண்டார். எழுதுவதும் அவர், பதிப்பிப்பதும் அவர், அச்சிடுவதும் அவர் வீட்டு அச்சகம். இராஜமோகன் 1937இலும், அநாதைப் பெண் 1938இலும் திரைப்படங்களாக வெளிவந்தன.

ஆங்கில வகுப்பில் வர்ஜீனியா வுல்ஃப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். ஏறத்தாழ இதே காலத்தில், 1917இல், அவரும் அவர் கணவரும் இலண்டன் அருகே தம் வீட்டிலேயே ஒரு கையச்சுப் பொறியை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார்கள். ஊர்க் கட்டுப்பாடுகளை உதறி, தாம் விரும்பியபடி வாழ்ந்த எழுத்தாளர், ஓவியர் கூட்டத்தின் நடுவில் இருந்தவர் அவர். நியூசிலாந்திலிருந்து வந்த கேதரின் மேன்ஸ்ஃபீல்டு அவருக்குத் தோழியும் ஆவார், போட்டியாளரும் ஆவார். மேன்ஸ்ஃபீல்டின் கதையை 1918இல் தம் அச்சகத்திலேயே வெளியிட்டார் வுல்ஃப். 1923இல் மேன்ஸ்ஃபீல்டு காசநோயால் இளவயதில் மறைந்த பிறகு, தாம் பொறாமை கொண்ட எழுத்து அவருடையது ஒன்றே என்று தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

இலண்டன் எங்கே, திருவல்லிக்கேணி எங்கே! ஒருவர் கட்டுப்பாடுகளை உதறி வாழ்ந்தவர். மற்றவர் கட்டுப்பாடுகளின் நடுவிலிருந்து எழுந்தவர். ஆயினும் தம் எழுத்தைத் தாமே அச்சிடும் உரிமை தம் கையில் இருக்க வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தார்கள். இருவருக்கும் கணவர் துணை நின்றார் என்பதும் ஒப்புமை.

கதரும் சிறையும்

1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அன்று முதல் பட்டும் நகையும் போயின; கதர் வந்தது. அம்புஜம்மாள் போன்ற தோழியரோடு தேச சேவையில் இறங்கினார். இனிய குரல் அவருக்கு. மேடையில் பாடுவார், பேசுவார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் முன்நின்றார். 1932இல் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோது இதழ் நின்றுவிடாமல் கணவர் கவனித்துக்கொண்டார். கோதைநாயகியின் பேனாவும் சிறைக்குள் உறங்கவில்லை. உடன் இருந்த பெண்களின் துயரக் கதைகள் அவருக்கு நாவலுக்குரிய கருவாயின.

குழந்தை மணத்தின் கொடுமை, கைம்பெண்ணின் கண்ணீர், வரதட்சிணை, குடி ஆகியவையே அவர் நாவல்களில் திரும்பத் திரும்ப வருவன. கலை நுணுக்கம் குறைவு, அறிவுரை மிகுதி என்று திறனாய்வாளர்கள் குறை கூறுவர். குறை உண்மைதான். நான் படித்த பக்கங்களிலும் பாத்திரங்கள் நீண்ட பிரசங்கம் செய்யத்தான் செய்கின்றார்கள். ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வராத பெண்ணுக்கு, அந்தப் பிரசங்கத்தைக் கேட்க வேறு மேடை ஏது?

எதிரணியில் ஒரு பேனா

அதே காலத்தில் தமிழகத்தில் இன்னொரு பெண்ணும் எழுதினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்தவர். தேவதாசி மரபில் வளர்ந்து, அந்த மரபையே ஒழிக்கப் போராடியவர். முதலில் காங்கிரசில் இருந்து, பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திற்குச் சென்றவர். தாம் கண்ட கொடுமைகளைத் தாசிகள் மோசவலை என்னும் நாவலாக 1936இல் வெளியிட்டார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் அவரும் நடந்தார். அதே ஆண்டில் சிறையும் சென்றார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியதைக் கண்ணாரக் கண்டார். 1962இல் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள். கோதைநாயகி 1932இல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார். இராமாமிர்தம் அம்மையார் 1938இல் சிறை சென்றபோது சென்னை மாகாணத்தை ஆண்டது, கோதைநாயகி மேடை மேடையாக வாக்குக் கேட்ட காங்கிரஸ் கட்சி. ஒருவர் பக்தி பாடினார். மற்றவர் பக்தியின் பெயரால் நடந்த சுரண்டலைத் தோலுரித்தார். ஒருவர் குடும்பத்தின் உள்ளிருந்து குடும்பத்தைத் திருத்த முயன்றார். மற்றவர், குடும்பமே மறுக்கப்பட்ட பெண்களுக்காக வாதாடினார். நேருக்கு நேர் நின்று வாள் சுழற்றினால்தானா போட்டி? இரண்டு வழிகள் எதிரெதிராக ஓடுவதும் போட்டிதான்.

இவர்களில் யார் பெரியவர் என்று எங்கள் வகுப்பில் ஒரு நாள் வாதம் நடந்தது. நான் கோதைநாயகியின் பக்கம். எதிர்ப்பக்கத் தோழி எழுந்து ஒன்று கேட்டாள். மாதந்தோறும் உன் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் விழுகின்றதே, அது யார் பெயரில் என்றாள். என்னால் வாய் திறக்க முடியவில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அரசுப் பள்ளியில் படித்த என்னைப் போன்ற பெண்கள் அந்தப் பணத்தில்தான் குறிப்பேடு வாங்குகின்றோம். ஒருவரைப் பற்றி எழுதுகின்றேன். மற்றவர் பெயரால் வந்த பணத்தில் வாங்கிய தாளில் எழுதுகின்றேன். வாதத்தில் தோற்றேன், ஆனால் இருவருமே எனக்கு வேண்டியவர்கள் என்பதைக் கற்றேன்.

நம் மண்ணில் அவர் தடம்

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழும் என்னும் அச்சத்தால் 1942இல் சென்னை மக்கள் வெளியூர்களுக்கு ஓடினார்கள். காகிதப் பஞ்சமும் வந்தது. கோதைநாயகி தம் குடும்பத்தோடும் இதழோடும் வந்து தங்கிய இடம், நம் கல்லூரித் தோழர்கள் பலர் நாள்தோறும் மின்தொடர்வண்டி ஏறுகின்ற சிங்கப்பெருமாள் கோவில். அந்த நெருக்கடியிலும் ஜகன்மோகினி பிழைத்தது. பிற்காலத்தில் வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்கு அவர் 10 ஏக்கர் நிலம் அளித்தார். அதுவும் சிங்கப்பெருமாள் கோவிலில்தான். காந்தியடிகள் மறைந்த 1948ஆம் ஆண்டிலேயே மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார்.

1956இல் மகன் சீனிவாசனை இழந்தார். ஒரே மகனைப் பறிகொடுத்த தாயின் உடலைக் காசநோய் பற்றிக்கொண்டது. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் அவர் கண் மூடினார். நீர்வளூரும் தாம்பரமும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். பிறப்பும் இறப்பும் நம் மண்ணிலேயே நிகழ்ந்தன.

என் கணக்கு

இனி, நான் தேடுவதை நிறுத்தாததற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா கடலுக்குப் போகின்றார். அம்மா அன்னக்கூடையில் மீன் சுமந்து திருக்கழுக்குன்றம் வரை சென்று விற்கின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை சொல்லத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். கடல் உள்வாங்கியதையும், கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் பாறைகள் தெரிந்ததையும், ஊரே வேடிக்கை பார்க்க ஓடியதையும், அம்மா மட்டும் ஏதோ தோன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடியதையும், இருநூறு முறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பாறைகள் என் கண்முன் எழும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கட்டுரைப் போட்டியில் அதை எழுதினேன். படித்துப் பார்த்த ஒருவர், இதை யார் எழுதிக் கொடுத்தது என்று பலர் முன்னிலையில் கேட்டார். மீன்காரி மகளுக்கு இப்படி எழுத வருமா என்பது அவர் ஐயம். நானேதான் எழுதினேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். பரிசும் கிடைத்தது. ஆனால் கேட்ட அந்தக் கேள்வி நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. வைதேகியைப் பற்றி எழுந்த பேச்சைப் படித்த அன்று, இது நம் கதை அல்லவா என்று துள்ளினேன். கோதைநாயகியும் நானும் ஒரே பழிக்கு ஆளானவர்கள் என்று பெருமைகூடப் பட்டேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்தான் நிலைத்தது. இந்திர மோகனாவின் கதையைப் படித்தபோது உண்மை உறைத்தது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்றால், நான் அங்கே கோதைநாயகி அல்லள், பட்டம்மாள். பாறைகள் அம்மா கண்ட பாறைகள். ஓட்டம் அம்மா ஓடிய ஓட்டம். சொற்களிலும் பாதிக்கு மேல் அம்மாவுடையவை. பட்டம்மாள் தாம் எழுதிய ஏட்டில் தோழியின் பெயரைப் போட்டார். நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். கேட்டவரின் எண்ணம் தவறு. ஆனால் அவருடைய கேள்விக்கு நான் சொன்ன விடையும் முழு உண்மை அன்று.

இந்தக் கட்டுரையின் முதற்படியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் விற்று வந்த அசதியில் தூணில் சாய்ந்து கேட்டார். கோதைநாயகியின் மகன் இறந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார். பரிசுக் கட்டுரையைப் பற்றிய பகுதி வந்தபோது குனிந்துகொண்டு படித்தேன். அம்மா கோபிக்கவில்லை. நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கின்றது என்று மட்டும் சொன்னார். ஏதோ தோன்றி மேட்டுப் பக்கம் ஓடவில்லையாம். பக்கத்து வீட்டு ஆயா, கடல் இப்படிப் போனால் நல்லதுக்கல்ல என்று அதட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாராம். இருநூறு முறை கேட்ட கதையில் இது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அதனால் அம்மா சொல்லவில்லை. மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கின்றேன், என் பிழை என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று.

அடுத்த ஆண்டு மலரில் அந்த நாளின் கதை முழுமையாக வரும். சொல்லப் போகின்றவர் அம்மா. எழுதப் போகின்றவள் நான். பெயர் யாருடையது என்பதில் இனி எனக்கு ஐயம் இல்லை. பெயர் போடுவதற்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, வெட்கப்படுகின்றார். ஓராண்டு இருக்கின்றது, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மாணவத் தோழர்களே, தோழியரே! உங்கள் வீட்டிலும் எழுதத் தெரியாத ஓர் எழுத்தாளர் இருக்கக்கூடும். பக்கத்தில் ஏட்டோடு அமர ஒரு பட்டம்மாள் வேண்டும், அவ்வளவே.

வாழ்க கோதைநாயகி அம்மையாரின் புகழ்! வாழ்க பட்டம்மாளின் கைவண்ணம்!